வேலி தாண்டிய எண்ணெய்

அயல் வளவில் கசிந்த எரிபொருள் நம் கிணற்றில் வந்து மிதந்தால், அது வந்த வழியைக் கண்டுபிடிப்பது யார் பொறுப்பு? சுன்னாகத்துக் கிணறுகளிலிருந்து ஒரு விசாரணை.

மாரி மழை ஓய்ந்து, கிணற்றை எட்டிப் பார்த்தால் முகம் தெரியும் உயரத்துக்குத் தண்ணீர் ஏறி நிற்கும் தை மாதம் யாழ்ப்பாணத்துக்கு வாய்த்த நல்ல மாதங்களில் ஒன்று. ஆனால் 2015-ஆம் வருஷத்துத் தை மாதத்தில், சுன்னாகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஏதேனும் ஒரு வளவுக்குள் விடியற்காலையில் நுழைந்த எவரும், அள்ளிய வாளியைக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்துவிட்டு, நீரைக் குடத்தில் ஊற்றவும் மனமின்றி, கீழே கொட்டவும் மனமின்றி, அதன் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண்மணியைக் கண்டிருக்கக் கூடும். வாளி நீரின்மேல் மெல்லிய படலம் ஒன்று. முதல் வெயில் பட்டதும் அது மயிற்கழுத்து நிறம் காட்டும். விரல் வைத்தால் விலகும். விரலை எடுத்தால் ஒன்றும் அறியாததுபோல் மறுபடி கூடிக்கொள்ளும். மூக்கருகே கொண்டுபோனால் மோட்டார்க் கொட்டகையின் மணம்.

வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல்: "என்ன அக்கா, உங்கட கிணத்திலயும் எண்ணெயோ?"

"ஓம் பிள்ளை. நேற்று முழுக்க இறைச்சும் மணம் போகேல்லை."

இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும் அந்த மாதத்தில் எத்தனை கதியால் வேலிகளின் மேலாகப் போய்வந்தன என்பதற்குக் கணக்கில்லை. தெருமுனையில் பிளாஸ்டிக் தாங்கி ஒன்று வைக்கப்பட்டிருக்கும். தண்ணீர்ப் பவுசர் வந்து அதை நிரப்பிவிட்டுப் போகும். தலைமுறை தலைமுறையாகத் தன் கிணற்றை விட்டு வேறெங்கும் தண்ணீருக்குப் போயறியாத குடும்பத்தார், குடமும் கையுமாக அதன்முன் வரிசையில் நிற்பார்கள். தண்ணீர்ப் பஞ்சத்தில் வரிசை நிற்பது நம் தேசத்தில் புதிதல்ல. நிறைந்த கிணற்றை வீட்டில் வைத்துக்கொண்டு வரிசை நிற்பது புதிது.

உறுதியில் எழுதாத பங்கு

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளை வாசித்தவர்களுக்கு ஒரு விஷயம் நினைவிருக்கும். வீடு, வளவு, பயிர்பச்சை எல்லாம் விவரித்த பிறகு, பங்குக் கிணறும் அதற்குச் செல்லும் வழிவாய்க்காலும் தனியே குறிக்கப்பட்டிருக்கும்; கிணற்றில் இன்னாருக்கு எத்தனை பங்கு, இறைத்த நீர் எவர் காணி வழியாக ஓடலாம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கும். மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கும் காணியோடு கிணற்றுப் பங்கும் சேர்ந்தே போகும். வேலி ஒரு சாண் நகர்ந்தாலும் நியாயஸ்தலம் வரை போகத் தயங்காத சமூகம் அது. அத்தனை நுட்பமாக நீருரிமையை எழுதிவைத்த அந்த உறுதிகள் எதிலும், அயல் காணியின் எண்ணெய்க்கும் இந்தக் கிணற்றில் ஒரு பங்குண்டு என்று எவரும் எழுதிவைக்கவில்லை. எழுதாத அந்தப் பங்கை எண்ணெய் தானாகவே எடுத்துக்கொண்டது.

அதற்குக் காரணம் பூமியின் அமைப்பில் இருக்கிறது. குடாநாட்டில் வருஷம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான் பெயருக்கு ஆறு. வடகீழ்ப் பருவமழை தருவதை வாங்கி வைத்துக்கொள்ளும் ஒரே பாத்திரம், காலடியில் உள்ள சுண்ணாம்புக்கல். நீரால் அரிக்கப்பட்டுப் பிளவும் பொந்தும் குகையுமாகிவிட்ட கல் அது. கீரிமலையில் கடலோரத்தில் பொங்கும் நன்னீரும், அடி காணாத கிணறு என்று ஊரார் வியக்கும் நிலாவரையும் அந்தக் குகைவழிகளின் பிரத்தியட்சமான சாட்சிகள். அப்படித் தேங்கும் நன்னீரும் தனித்து நிற்கவில்லை. அடியில் ஊடுருவியுள்ள கடல்நீரின்மேல் வில்லைபோல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே நாற்பது மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் வகுத்த கணக்கு. மேலே ஒரு மீட்டரை இழந்தால் கீழே நாற்பதை இழப்போம் என்று அதையே திருப்பியும் வாசிக்கலாம்.

குடாநாட்டின் நிலத்தடி நீர்ப்படுகைகளில் வலிகாமப் பகுதியின் அடியில் இருப்பதற்குச் சுன்னாகத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். சிவந்த மண்ணில் விளையும் வெங்காயமும் புகையிலையும் வாழையும் அந்த நீரைக் குடித்தே வளர்கின்றன. உரத்தாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்று கலந்துவிட்டதென்ற கவலை ஏற்கெனவே அந்தப் படுகைக்கு உண்டு. அந்தக் கவலை போதாதென்று வந்து சேர்ந்ததுதான் எண்ணெய்.

சந்தேகத்துக்கு உரியவர்கள்

சுன்னாகத்தில் மின்நிலையம் ஏற்பட்டது 1958-ல். டீசல் எந்திரங்களால் ஓடிய அந்த நிலையம் போர்க்காலத்தில் நிலைகுலைந்தது. விமானக் குண்டுவீச்சில் எண்ணெய்த் தாங்கி சிதைந்து, எண்ணெய் அருகிலுள்ள தாழ்ந்த நிலத்தில் தேங்கி நின்றது என்பது அப்பகுதியில் எல்லோரும் அறிந்த செய்தி. போர் முடிந்ததை ஒட்டிய வருஷங்களில், தேசிய மின்வலைப்பின்னலோடு குடாநாடு இணைக்கப்படாத நிலையில், அதே வளாகத்தில் நொதேர்ன் பவர் என்னும் தனியார் நிறுவனம் எரிபொருளால் மின்சாரம் உற்பத்தி செய்து இலங்கை மின்சார சபைக்கு விற்றது. பிறகு சபையே தன் பங்குக்கு 24 மெகாவாட் திறனுள்ள 'உத்துரு ஜனனி' நிலையத்தை அங்கே அமைத்தது.

ஆகவே, கிணற்றில் எண்ணெய் மிதந்தபோது விரல் நீட்டுவதற்கு ஆள் குறைவில்லை, அதுவே வில்லங்கமாயிற்று. பழைய போர்க்கால எண்ணெய் என்று ஒரு தரப்பு. புதிய நிலையத்தின் கழிவு எண்ணெய் என்று மறு தரப்பு. திருட்டுப் போன வீட்டில் மூன்று பேர் நின்றுகொண்டு ஒருவரை ஒருவர் காட்டினால் விசாரணை எப்படி நடக்குமோ, அப்படி நடந்தது. வீட்டுக்காரன் மட்டும் பொருளை இழந்து நின்றான்.

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 நவம்பர் முதல் 2014 ஜூன் வரையில், மின்நிலையத்தைச் சுற்றி ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் வட்டத்துக்குள் 150 கிணறுகளில் மாதிரி எடுத்துப் பரிசோதித்தது. அவற்றில் 109 கிணறுகளில் எண்ணெய்ப் பசையின் அளவு குடிநீர்த் தரம் அனுமதிக்கும் வரம்பை மிஞ்சியிருந்தது. நூற்றுக்கு எழுபத்துமூன்று! இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டே அந்த வருஷத்துக்குள் எவ்வளவோ செய்திருக்கலாம். செய்யப்படவில்லை. ஊர் தெருவுக்கு வந்தது. மல்லாகம் நீதவான் நீதிமன்றத்துக்கு விவகாரம் போயிற்று. 2015 ஜனவரியில் தனியார் மின்நிலையத்தின் இயக்கத்தை நிறுத்தும்படி உத்தரவாயிற்று.

■ பெட்டிச் செய்தி: ஒரு சொட்டின் கணக்கு
தாங்கியின் அடியில் துருவேறிய ஓர் ஊசித்துளை. வினாடிக்கு ஒரு சொட்டு. இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 4 லிட்டருக்கு மேல், வருஷத்துக்கு 1,500 லிட்டருக்கு மேல் பூமிக்குள் போகும். 20,000 லிட்டர் பிடிக்கும் படுக்கைத் தாங்கியில் அளவுகோலை விட்டுப் பார்க்கிறவர் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே பத்து லிட்டருக்கு மேல் கணக்குத் தவறும். ஆகையால் இந்தச் சொட்டு எந்தப் பேரேட்டிலும் நஷ்டமாகத் தெரியாது. தெரிகிற இடம் அயலாரின் கிணறு ஒன்றே.

ஒரே நீர், இரண்டு விடைகள்

அடுத்து நிகழ்ந்தது, ஊராரை எண்ணெயைவிட அதிகமாகக் குழப்பியது. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழு, மக்கள் அஞ்சுகிற அளவுக்கு அபாயமான மாசு இல்லை என்ற போக்கில் அறிக்கை தந்தது. நீர் வழங்கல் சபை உண்டு என்றது. நிபுணர் குழு இல்லை என்றது. இரண்டும் அரசாங்கத்தின் வாய்தான். எதை நம்பிக் குழந்தைக்குப் பால்மா கரைப்பது?

இத்தகைய முரண் எங்கெல்லாம் தோன்றுகிறதோ, அங்கெல்லாம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு; அதைக் கேட்பவர் மிகச் சிலரே. "நீரில் என்ன இருக்கிறது?" என்பதல்ல அந்தக் கேள்வி, "நீரில் எதைத் தேடினீர்கள்?" என்பதே. எண்ணெயும் பசையும் அளக்கும் வழக்கமான சோதனையில், நீரை ஒரு கரைப்பானோடு குலுக்கி, எண்ணெய்த் தன்மையுள்ளவற்றை அதில் இறக்கி, பிறகு கரைப்பானை ஆவியாக்கிவிட்டு, மிஞ்சியதை நிறுப்பார்கள். அதில் டீசலும் அகப்படும், சமையல் எண்ணெயும் அகப்படும். பெட்ரோலிலுள்ள பென்சீன் போன்ற ஆவியாகும் பொருள்களோ கரைப்பானோடு சேர்ந்து பறந்துபோய்விடும். பென்சீன், டொலுயீன், எதில்பென்சீன், சைலீன் என்னும் நால்வரைத் தேடும் சோதனை வேறு. அந்த நால்வரும் பெட்ரோலில் மிகுதி. கனத்த உலை எண்ணெயில் சொற்பம். ஆகவே உலை எண்ணெய் மிதக்கும் கிணற்றில் பென்சீனைத் தேடி, காணவில்லை என்று எழுதுவதும், சமையலறைக் கழிவு கலந்த கிணற்றில் எண்ணெய்ப் பசையை நிறுத்து மின்நிலையத்தைக் குற்றஞ்சாட்டுவதும் ஒரே ஜாதிப் பிழை. புற்றுநோயை உண்டாக்கும் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் அனுமதிப்பது லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்; அந்த அளவில் கண்ணுக்கோ நாவுக்கோ ஒன்றும் புலப்படாது. மணம் இல்லையென்பதால் தூய்மை என்றாகாது. மணம் உண்டென்பதாலேயே பென்சீன் என்றும் ஆகாது.

எண்ணெயின் கைரேகை

அப்படியானால், அயல் வளவுகளில் எதிலிருந்து எண்ணெய் வந்தது என்பதைக் கண்டுபிடிக்கவே முடியாதா? முடியும். அதற்கான சாஸ்திரம் அரை நூற்றாண்டாக வளர்ந்து நிற்கிறது.

முதல் வேலை நிலத்தடி நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று அறிவது. மூன்று கிணறுகள் முக்கோணமாக அமைந்திருந்து, அவற்றின் நீர்மட்டத்தைக் கடல்மட்டத்தோடு ஒப்பிட்டு ஒரே நாளில் அளந்தால் போதும். உயர்ந்த மட்டத்திலிருந்து தாழ்ந்த மட்டத்துக்கு ஒரு கோடு வரைந்துவிடலாம். அந்தக் கோட்டின் மேற்புறத்தில் இருப்பவனே முதல் சந்தேக நபர். மணற்பாங்கான நிலத்தில் இந்த வித்தை சுலபம். அங்கே நீர் நாளொன்றுக்குச் சில அங்குலமோ சில அடியோ நகரும். சுண்ணாம்புக் குகைவழியிலோ ஒரே நாளில் நூற்றுக்கணக்கான அடி பாயக்கூடும். பக்கத்து வீட்டுக் கிணற்றைத் தொடாமல் விட்டு, நான்காம் வீட்டுக் கிணற்றில் போய்த் தலை நீட்டவும் கூடும். போதாக்குறைக்கு, மோட்டார் வைத்து இறைக்கும் ஒவ்வொரு கிணறும் தன்னைச் சுற்றி நீர்மட்டத்தில் ஒரு குழியை உண்டாக்கி, அயல் நீரைத் தன் பக்கம் இழுக்கிறது. எண்ணெய் போகட்டும் என்று இரவு முழுவதும் இறைத்த வீட்டார், மேலும் எண்ணெயைத் தம் கிணற்றுக்கு வருந்தி அழைத்தவர்களாகி விடுகிறார்கள். அறியாமல் செய்த இந்தக் காரியத்தை நினைக்கும்போதுதான் நமக்கு மனம் கசிகிறது.

இரண்டாவது வேலை எண்ணெயின் வயதைக் கேட்பது. எரிபொருள் என்பது ஒரே பொருளல்ல; நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கூட்டம். வாயு நிறப்பிரிகைக் கருவியில் செலுத்தினால் அந்தக் கூட்டத்தின் ஒவ்வோர் அங்கத்தினனும் தன் முறைக்கு வெளிவந்து, காகிதத்தில் ஒரு சிகரமாகப் பதிவாகிறான். பெட்ரோலின் சிகரங்கள் முன்னே நெருங்கி நிற்கும். டீசலின் சிகரங்கள் நடுவில் சீப்பின் பற்களைப்போல் ஒழுங்காக எழும். கனத்த எண்ணெய் பின்னே மேடிட்டுக் கிடக்கும். பூமிக்குள் பாக்டீரியாக்கள் இந்த விருந்தைத் தின்னத் தொடங்கும்போது, நேரான சங்கிலிகளை முதலில் தின்றுவிட்டு, பிரிஸ்டேன், பைட்டேன் என்னும் கிளைவிட்ட சங்கிலிகளைப் பிற்பாட்டுக்கு விட்டு வைக்கின்றன. ஆகவே நேர்ச்சங்கிலி மிகுந்திருந்தால் புதிய எண்ணெய். கிளைச்சங்கிலி மட்டும் எஞ்சியிருந்தால் பழைய எண்ணெய். போர்க்காலத்துத் தாங்கியின் எண்ணெயா, நேற்றைய எந்திரத்தின் கழிவா என்ற சுன்னாகத்து வழக்குக்கு இதைவிடப் பொருத்தமான சாட்சி எது? ஆனால் இந்தச் சாட்சிக்கு ஒரு குணமுண்டு: காலதாமதமானால் சாட்சியம் மாறிவிடும். இன்றைய புது எண்ணெயும் பத்து வருஷம் கிடந்தால் பழைய எண்ணெயின் முகத்தைப் பெற்றுவிடும். விசாரணையைத் தள்ளிப்போடுகிற அதிகாரி தெரிந்தோ தெரியாமலோ குற்றவாளிக்கு வேஷம் மாற்ற அவகாசம் கொடுக்கிறார்.

■ பெட்டிச் செய்தி: கிணற்றில் படலம் கண்டால்
ஒரு குச்சியால் படலத்தைக் கலைத்துப் பாருங்கள். ஓட்டுச் சில்லுபோல் உடைந்து துண்டுதுண்டாக நின்றால் அது பெரும்பாலும் இரும்புச் சத்தைத் தின்னும் பாக்டீரியாவின் வேலை. கலைந்து சுழன்று மறுபடி ஒன்றுகூடினால் எண்ணெய் என்று சந்தேகிக்கலாம். மாதிரி எடுக்கப் பிளாஸ்டிக் சீசா உதவாது. அது எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். சுத்தமான கண்ணாடிச் சீசா வேண்டும். பென்சீன் வகைச் சோதனைக்காயின் சிறிதும் காற்றிடம் விடாமல் விளிம்பு வரை நிரப்பி மூடி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆய்வுசாலைக்கு அனுப்ப வேண்டும். யார் எடுத்தார், எந்த நேரத்தில் எடுத்தார், யார் கையில் கொடுத்தார் என்பதைக் கையெழுத்துடன் எழுதி வைக்காத மாதிரி, நியாயஸ்தலத்தில் வெறும் தண்ணீர்.

அமெரிக்கர் பட்ட பாடு

அயலானின் பெட்ரோல் தாங்கி தன் கிணற்றைக் கெடுத்த அனுபவத்தை அமெரிக்கா முன்னதாகவே பெற்றது. போருக்குப் பிந்திய மோட்டார் யுகத்தில் ஊர்தோறும் புதைத்த இரும்புத் தாங்கிகள், பாதுகாப்புப் பூச்சு ஏதுமின்றி, எழுபதுகளிலும் எண்பதுகளிலும் துருப்பிடித்து ஒழுகத் தொடங்கின. ரோட் ஐலண்ட் மாநிலத்துக் கேனப் பார்க் என்னும் சிறு குடியிருப்பில், வீட்டுக் கிணறுகளில் பெட்ரோல் கலந்த கதையை 1983-ல் '60 மினிட்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சி நாடெங்கும் காட்டியது. மறு வருஷமே காங்கிரஸ் சபை பூமிக்கடித் தாங்கிகளுக்கென்று சட்டத்தில் தனிப் பகுதி சேர்த்தது. 1986-ல், விற்கும் ஒவ்வொரு காலன் எரிபொருளின்மீதும் ஒரு சென்டில் பத்தில் ஒரு பங்கு வரி விதித்து, குற்றவாளி அகப்படாத கசிவுகளையும் துப்புரவு செய்ய ஒரு நிதி ஏற்படுத்தியது. பழைய தாங்கிகளைத் தோண்டியெடுக்கவோ திருத்தவோ 1998 டிசம்பர் 22 வரை தவணை கொடுத்தது. அந்தச் சட்டப் பகுதி வந்தது முதல் அங்கே உறுதிப்படுத்தப்பட்ட கசிவுகள் ஐந்து லட்சத்துக்கு மேல்.

நமக்குப் பாடமாக உதவுவது சான்டா மோனிகா நகரத்தின் கதை. பெட்ரோலில் கலக்கும் எம்.டி.பி.இ. என்னும் பொருள் நகரத்தின் சார்னக் கிணறுகளில் தென்பட்டதும், 1996-ல் நகரசபை அந்தக் கிணறுகளை மூடிவிட்டது. நகரின் குடிநீரில் ஏறக்குறையப் பாதி அவற்றிலிருந்தே வந்துகொண்டிருந்தது. கவனியுங்கள்: முதலில் மூடினார்கள், யார் குற்றவாளி என்ற வாதத்தைப் பிறகு தொடங்கினார்கள். ஒன்றேகால் மைல் சுற்றுவட்டத்தில் இருபதுக்கு மேற்பட்ட தாங்கி மனைகளைச் சந்தேகப் பட்டியலில் வைத்து, ஒவ்வொன்றின் எல்லையிலும் துளையிட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். துளையிடும் செலவு கிணற்றுக்காரன் தலையில் விழவில்லை. நகரசபை பெரிய எண்ணெய்க் கம்பெனிகளை வழக்கில் இழுத்து, கோடிக்கணக்கான டாலர் வாங்கிச் சுத்திகரிப்பு நிலையம் கட்டியது. ஆயினும் அந்தக் கிணறுகளின் நீர் மறுபடி நகரத்துக்கு வரச் சுமார் பதினான்கு வருஷம் பிடித்தது. பணமும் சட்டமும் கைவசமிருந்த நகரத்துக்கே பதினான்கு வருஷம்!

அமெரிக்கா திருந்திவிட்டதென்றும் எண்ண வேண்டாம். 2021 நவம்பரில் ஹவாய்த் தீவுகளில், ஹொனலுலுவுக்கருகே ரெட் ஹில் என்னுமிடத்தில் கடற்படையின் பூமிக்கடி எண்ணெய்க் கிடங்கிலிருந்து வெளியேறிய விமான எரிபொருள், ஏறக்குறைய 93,000 பேர் குடிக்கும் நீரில் கலந்தது. குழாயைத் திறந்த வீட்டார் மூக்கால் கண்டுபிடித்த பின்னரே விஷயம் வெளிவந்தது.

நம் பட்டணத்தில்

சென்னைத் தண்டையார்பேட்டைவாசிகளுக்கு இதெல்லாம் தூரதேசத்துச் சமாசாரமாகத் தோன்றாது. 2013-ல் அங்கே ஆழ்துளைக் கிணற்று நீரில் எண்ணெய் மணத்தது. துறைமுகத்திலிருந்து எண்ணெய்க் கிடங்குக்குப் போகும் பூமிக்கடிக் குழாயில் கசிவு என்று தெரிந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குப் போயிற்று. கிடங்குகளும் குழாய்களும் வந்த காலத்தில் அங்கே தெருக்கள் இவ்வளவு நெருக்கமில்லை. பிறகு பட்டணம் வளர்ந்து குழாயின்மேலேயே படுத்துக்கொண்டது. பெட்ரோல் பங்க்குகளைப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடியிருப்பு முதலியவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி அமைக்க வேண்டும், எக்காரணத்தாலும் 30 மீட்டருக்குக் குறையக்கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விதி வகுத்தது 2020 ஜனவரியில். புதிய பங்க்குகளுக்கு நல்லது. அதற்குமுன் தெருமுனைகளில் புதைத்த தாங்கிகள் புதைத்த இடத்திலேயே இருக்கின்றன.

தீர்ப்பு வந்தது, தண்ணீர்?

அயலான் காணியில் கொண்டுவந்து வைத்த ஆபத்தான பொருள் வேலி தாண்டினால், கவனமாக இருந்தேன் என்று அவன் சொல்லித் தப்ப முடியாது என்ற தத்துவம் சட்டத்துக்குப் புதிதன்று. லங்காஷயரில் ஓர் ஆலைக்காரரின் நீர்த்தேக்கம் உடைந்து பக்கத்துச் சுரங்கத்தில் புகுந்த வழக்கில் 1868-லேயே பிரபுக்கள் சபை அதை நிலைநாட்டியது. வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகளின் வழக்கில் 1996-ல் இந்தியாவின் உச்ச நீதிமன்றம், அசுத்தம் செய்தவனே செலவையும் ஏற்கவேண்டும் என்ற விதியை நம் நாட்டுச் சட்டத்தின் அங்கமாக ஏற்றது.

சுன்னாக விவகாரத்தில், சுற்றுச்சூழல் அமைப்பொன்றின் தலைவரான ரவீந்திர குணவர்தன காரியவசம் 2015-ல் இலங்கை உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். தென்னிலங்கையர் ஒருவர் வடக்கின் கிணறுகளுக்காக வழக்காடினார் என்பதை இங்கே குறித்துவைப்பது நியாயம். 2019 ஏப்ரல் 4-ஆம் தேதி, நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன எழுதிய தீர்ப்பு வெளியாயிற்று. சுன்னாகப் பகுதியின் நிலத்தடி நீர் மாசுற்றது என்பதையும், அதில் தனியார் மின்நிலையத்துக்குப் பொறுப்புண்டு என்பதையும் நீதிமன்றம் ஏற்றது. கண்காணிக்கக் கடமைப்பட்ட அரசாங்க அமைப்புகளின் தவறையும் சுட்டிக்காட்டியது. நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் நஷ்டஈடு செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது.

தீர்ப்பை வணங்குகிறோம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்பது பத்திரிகைக்காரனின் கெட்ட பழக்கம். வரம்பு மீறியதாகச் சோதனையில் கண்ட 109 கிணறுகளுக்கு மட்டும் அந்தப் பணத்தைப் பங்கிட்டாலும், கிணறு ஒன்றுக்கு இரண்டு லட்சத்துக்கும் குறைவான இலங்கை ரூபாய். சோதிக்கப்படாத கிணறுகள் எத்தனையோ! வாளியைத் தூக்கிவைத்துவிட்டுக் குடத்தோடு தெருமுனைக்கு நடந்த நாட்களுக்கு விலை எது? மகளுக்குச் சீதனமாக எழுதவிருந்த காணியின் கிணற்றில் எண்ணெய் என்ற பேச்சு ஊரில் பரவியபின், அந்தக் காணியின் மதிப்பை எந்த நீதிமன்றம் மீட்டுக் கொடுக்கும்? நீர் சுத்தமாகிவிட்டதென்று எவரேனும் அத்தாட்சி கொடுத்தாலும், ஒருமுறை படலம் கண்ட கண் மறுபடி அந்தக் கிணற்றை நம்ப எத்தனை மாரி வேண்டும்?

இவ்வளவு நீளமாக இதை விசாரித்ததில் நமக்குத் தோன்றும் அபிப்பிராயம் ஒன்றே. கிணற்றில் எண்ணெய் மிதந்த பிறகு குற்றவாளியைத் தேடும் பாரம் கிணற்றுக்காரன் தோளில் இருக்கும்வரை, ஒவ்வொரு சுன்னாகத்திலும் இதே கதைதான் நடக்கும். எரிபொருளைத் தேக்கிவைக்கும் ஒவ்வொரு மனையின் வேலியோரத்திலும், உள்ளே மண்ணைத் தோண்டும் நாளிலேயே, மூன்று கண்காணிப்புக் கிணறுகளை அந்த மனைக்காரன் செலவில் தோண்ட வேண்டும். ஆறு மாதத்துக்கொருமுறை அவற்றின் நீர்ச்சோதனை முடிவைப் பெட்ரோல் விலைப் பலகையின் பக்கத்தில் ஒட்ட வேண்டும். விலையை ஊரறிய எழுதத் தெரிந்தவர்களுக்கு இதை எழுதுவது சிரமமாகாது.

அதுவரை வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இலங்கையில் அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியல் சாசனம் கொடுக்கும் தவணை ஒரு மாதம். இந்தியாவில் பசுமைத் தீர்ப்பாயத்திடம் நஷ்டஈடு கேட்க, காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து வருஷம். இரண்டு இடத்திலும் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கப்போவது எண்ணெயைப் பற்றியல்ல, தேதியைப் பற்றி. ஆகவே உங்கள் கிணற்றிலோ குழாயிலோ என்றைக்கு மணம் வருகிறதோ, அன்றைக்கே நாட்காட்டித் தாளைக் கிழித்து, அதன் பின்புறத்தில் நேரத்தைக் குறித்து, பக்கத்து வீட்டாரிடம் ஒரு கையெழுத்தும் வாங்கி வையுங்கள்.